பிரசவ வேளையில் ஒரு துணை
(தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிரசவ அறைக்குள் செல்லும் பெண்ணை வலியோடு தனிமையும் வாட்டுகிறது. வாசல் வரை வந்த தாயும் அத்தையும் பல இடங்களில் வெளியே நின்றுவிடுகிறார்கள்.

ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ் முதலிய மருத்துவர்கள் குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் செய்த ஆய்வு 1980-ல் வெளிவந்தது. கர்ப்பிணிக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒரு சாதாரணப் பெண்ணை அருகில் இருத்தினார்கள். அவள் முதுகைத் தடவினாள், கையைப் பற்றினாள், இதமாகப் பேசினாள், அவ்வளவே. சிக்கலின்றிப் பெற்றவர்களில், மருத்துவமனையில் சேர்ந்தது முதல் பிரசவம் வரை துணையிருந்தோருக்குச் சராசரி 8.8 மணி நேரமும், துணையற்றோருக்கு 19.3 மணி நேரமும் ஆயின. இத்தகைய துணைவியை இன்று ‘டூலா’ என்கிறார்கள்.

நமது மத்திய அரசும் 2016-ல் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு அனுமதி அளித்தது. துணைக்கு வருபவள் பிள்ளை பெற்ற அனுபவமுள்ளவளாக, தொற்றுநோய் இல்லாதவளாக, இறுதிவரை உடனிருப்பவளாக இருக்க வேண்டும். மருத்துவர், நர்ஸ் வேலையில் குறுக்கிடலாகாது.

ஆகவே ஏழாம் மாதத்திலேயே துணையைத் தீர்மானித்து, மருத்துவமனையில் கேட்டுவையுங்கள். பிள்ளை பிறந்த பின்னும் அவள் தேவை: பால் கொடுக்க உதவ, தாய் சற்று உறங்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, மிகுந்த உதிரப்போக்கோ காய்ச்சலோ கண்டால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல.

தாயற்ற பெண் ஒருத்தி நம் தெருவில் கர்ப்பமாயிருந்தால், அந்தத் துணை நீங்களாக இருங்கள்.