குடலின் உட்சுவரில் ஒரு கோலம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



பாட்டும் நாடகமும் காத்திருக்கும் ஒரு மாலைப்பொழுதில், குடலைப் பற்றிப் பேச ஒருவனை மேடையேற்றிய நம் செயலாளரின் துணிவை முதற்கண் பாராட்டுகிறேன். அதுவும் சிற்றுண்டிக்கு முன்னரே என் முறை வந்துவிட்டது, பொறுத்தருள்க.

என் தாய்மாமனுக்கு 68-ஆம் வயதில் மலத்தோடு குருதி கண்டது. மூலந்தான் என்று தாமே முடிவுகட்டிக்கொண்டு, ஓராண்டுக் காலம் கருணைக்கிழங்கு லேகியம் உண்டு கழித்தார். பின்னர் கொலோனோஸ்கோப்பி செய்தபொழுது, பெருங்குடலில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் தட்டையாகப் படிந்த கழலை ஒன்று தென்பட்டது. குடலின் அப்பகுதியையே அறுத்து நீக்க வேண்டும் என்றார் ஒரு மருத்துவர். கருவியின் வழியாகவே கழலையை மட்டும் எடுத்துவிடலாம் என்றார் மற்றொருவர். இருவரும் கற்றுத் தேர்ந்தவர்களே. "எவர் சொல்வதைக் கேட்பதடா?" என்று மாமா என்னை வினவினார். மருத்துவனாயிருந்தும் நான் உடனே விடை கூறினேனில்லை.

ஏனெனில், விடை கழலையின் அகலத்தில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது. குடற்சுவர் பல அடுக்குகளால் ஆயது. உள்ளே முதலில் இருப்பது சளிப்படலம். அதனடியில் மெல்லிய இணைப்புப் படலம். அதற்கும் அப்பால் தசை. சளிப்படலத்தோடு நின்ற புற்று நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவதில்லை என்றே கொள்ளலாம். அடுத்த படலத்தில் 1 மில்லிமீட்டருக்குள் புகுந்து நின்றால், வேறு தீக்குறிகள் இல்லாதவிடத்து, பரவும் அச்சம் மிகக் குறைவு. அந்த எல்லையைத் தாண்டினால் அச்சம் வளர்கிறது. அங்கே அறுவை வேண்டியதாகிறது. ஒரு நெல்மணியின் தடிப்பும் இல்லாத அந்த எல்லையில்தான் ஒருவர் தம் குடலில் ஒரு முழம் இழப்பதும் இழவாதிருப்பதும் தீர்மானமாகின்றன.

அவ்வாழத்தை அறுக்காமலே அறிவது எங்ஙனம்? சிறிது கிள்ளியெடுத்துச் சோதித்தால் புற்றா அன்றா என்பது தெரியலாம். எவ்வளவு ஆழம் என்பது தெரியாது. கிள்ளிய இடத்தில் தழும்பு இறுகிப் பின்னர் முழுதாக எடுப்பது கடினமாவதும் உண்டு.

ஜப்பானிய மருத்துவர் ஷினெய் குடோ 1990-ஆம் ஆண்டுகளில் இதற்கு ஒரு வழி வகுத்தார். குடலின் உட்பரப்பெங்கும் சுரப்பிகளின் நுண்ணிய வாய்கள் உள்ளன. 80 முதல் 100 மடங்கு வரை பெருக்கிக் காட்டும் கருவியால் நோக்கினால், அவை நம் தாய்மார்கள் வாசலில் இடும் கோலப் புள்ளிகளைப் போலக் காட்சி தருகின்றன. நலமான குடலில் வட்டப் புள்ளிகள். தீங்கற்ற சிலவற்றில் விண்மீன் வடிவம். புற்றாகக்கூடிய கழலைகளில் நீண்ட குழல்களும் கிளை விரிந்த கோடுகளும். ஐந்தாம் வகையில் ஒழுங்கு குலைகிறது. அதன் முற்றிய நிலையில் கோலமே அழிந்து, மழை கழுவிய வாசல்போல வெறுமை தோன்றுகிறது. புற்று ஆழ ஊடுருவிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இப்புள்ளிகளைத் தெளிவாக்கச் சாயம் தெளிக்கிறார்கள். ஒன்று, அவுரி நீலத்தின் வழிவந்த இண்டிகோ கார்மைன். மற்றொன்று கிரிஸ்டல் வயலட். வாய்ப்புண்ணுக்குக் குழந்தைகளின் நாவில் முன்பெல்லாம் நாம் தடவிய ஊதா மருந்தின் முதன்மைப் பொருளே அது! சாயமின்றி, நீலமும் பச்சையுமான ஒளியை மட்டும் பாய்ச்சி இரத்த நாளங்களின் அமைப்பைக் காணும் முறையும் பின்னர் வந்தது. அதற்கான பொது வகைப்பாட்டை ஜப்பானிய வல்லுநர்கள் 2014-இல் வகுத்தனர்.

இக்கண்ணை எவ்வளவு நம்பலாம்? டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மைய மருத்துவமனையினர் 4,215 கழலைகளை ஆராய்ந்து 2008-இல் முடிவை வெளியிட்டனர். ஆழ்ந்து ஊடுருவியவை நூறு இருந்தால், ஏறத்தாழ 86-ஐ முன்கூட்டியே இனங்கண்டனர். எஞ்சியவை தப்பின. பயின்ற கண்களுக்கே இவ்வளவு என்றால், பயிலாதவர் கையில் இக்கருவி விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளே என்பது என் கருத்து.

மாமாவின் கழலையை அவ்வாறு பெருக்கி நோக்கினர். பெரும்பகுதியில் கிளைக்கோடுகள், ஓர் ஓரத்தில் மட்டும் சிறிது ஒழுங்கின்மை. ஐயத்திற்கிடமான நிலை. துண்டு துண்டாக்காமல் ஒரே தகடாக உரித்தெடுத்து, நுண்ணோக்கியில் ஆழத்தை அளந்தனர். அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இரத்த நாளங்களிலோ நிணநீர் நாளங்களிலோ புற்று இல்லை. கத்தி தேவைப்படவில்லை. உரிய காலத்தில் மறுசோதனைக்கு மட்டும் செல்கிறார்; முதல்நாள் குடிக்கும் பேதி மருந்தைப் பற்றித்தான் இன்றும் முறையிடுகிறார்.

ஆயினும் இன்னொருவரை நான் மறக்கவில்லை. அவருடைய கழலை மாமாவினுடையதை விடச் சிறியது. ஆனால் நடுவில் கோலம் அழிந்திருந்தது. "இத்துணைச் சிறியதற்கா வயிற்றைக் கிழிப்பது? உங்கள் மாமாவுக்குச் செய்தது போலவே செய்யுங்கள்" என்று பிடிவாதம் பிடித்தார். அவர் மனைவியார் மூன்று நாள் வாதாடி இசைவித்தார். அறுவையில் நீக்கிய நிணநீர்க் கணுக்களுள் ஒன்றில் புற்று இருந்தது.