வருணனை இல்லாத படம்



ராக் இசைக்குழுவின் பயணத்தைப் பற்றிய படத்திற்கு மொழி அரங்கில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வருணனைக் குரலே இல்லாத ஆவணப்படம் தன் கருத்தை எவ்வாறு சொல்கிறது என்பதே என் வினா. பனுவலை வாசிக்கக் கற்பிக்கும் நமக்கு அது அயலான வினா அன்று.

1969ஆம் ஆண்டின் இறுதியில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ஆங்கிலேய இசைக்குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் மேற்கொண்டது. ஆல்பர்ட் மேசில்ஸ், டேவிட் மேசில்ஸ் எனும் சகோதரர்கள் படக்கருவியுடன் உடன் சென்றனர். டிசம்பர் 6ஆம் நாள் கலிபோர்னியாவின் அல்டமோன்ட் பந்தயத் திடலில் கட்டணமில்லா நிகழ்ச்சி நடந்தது. இடம் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டிருந்தது. குன்றின் உச்சிக்கென வடிவமைத்த, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமே கொண்ட மேடை, இப்போது சரிவின் அடியில் நின்றது. கூட்டமோ ஏறத்தாழ மூன்று இலட்சம். மேடையைக் காத்து நின்றவர்கள் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்னும் மோட்டார் சைக்கிள் கும்பலினர். இசை நடந்துகொண்டிருக்கையிலேயே மெரிடித் ஹண்டர் என்னும் 18 வயதுக் கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். படக்கருவி அதைப் பதிந்துவிட்டது.

1970இல் 'கிம்மி ஷெல்டர்' என்னும் பெயரில் வெளிவந்த அப்படத்தைத் தொகுத்தவர் ஷார்லட் ஸ்வெரின். இயக்குநர் மூவருள் அவரும் ஒருவர். நிகழ்ந்த வரிசையிலேயே அடுக்கியிருந்தால் மரணம் இறுதியில் வரும் அதிர்ச்சியாக மட்டுமே நின்றிருக்கும். படமோ, இசைக்குழுவினர் படத்தொகுப்பு மேசையின்முன் அமர்ந்து தம்மைத் தாமே பார்ப்பதைச் சட்டகமாகக் கொண்டது. ஆகவே தொடக்கத்திலேயே சாவுச் செய்தி நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன்பின் வரும் ஒவ்வோர் ஆரவாரமும் வேறாக ஒலிக்கிறது. ஒரு சொல்லும் சேர்க்காமல், வரிசையை மாற்றியே சொன்ன தீர்ப்பு அது.

பாடகர் மிக் ஜாகர் அக்காட்சியை மீண்டும் காட்டச் சொல்கிறார். டேவிட் சுருளைப் பின்னோக்கி ஓட்டி, மெல்ல நகர்த்தி, நிறுத்துகிறார். ஹண்டரின் கையிலிருந்த துப்பாக்கி, தோழியின் வெளிர்நிற ஆடைமீது கரிய நிழலாகத் தெரிகிறது. இதே காட்சியை நீதிமன்றத்தில் அறங்கூறாயமும் கண்டது. தற்காப்பு என்று கொண்டு, குத்தியவரை விடுவித்தது.

படத்துக்காகவே நிகழ்ச்சி நடந்ததோ என்னும் ஐயத்தைக் கிளப்பி, விமர்சகர் பாலின் கேல் அன்றே கடுமையாகச் சாடினார். என் மனக்குறை வேறு. ஹண்டர் யார், எக்குடும்பத்தவர் என்பதைப் படம் சொல்வதில்லை. கதறியழும் தோழியைச் சிறிது நேரமே காட்டுகிறது. அது உறைந்து நிற்பதோ, மேசையைவிட்டு எழுந்து செல்லும் மிக் ஜாகரின் முகத்தில்.