சொட்டுநீர்க் குழாய்க்கு மாதம் ஒரு பரிசோதனை
(குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நம்மில் பலருக்கு ஷிஃப்ட் வேலை. பொங்கல், தீபாவளி என்றால் நான்கைந்து நாள் வீடு பூட்டியிருக்கும். செடிகளை டைமரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறோம். டைமருக்குத் தண்ணீர் விட மட்டும்தான் தெரியும். அது தொட்டிக்குப் போகிறதா, கீழ்வீட்டுச் சுவருக்குப் போகிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் நாள் முழுக்கச் சொட்டினால் 96 லிட்டர். பத்துத் தொட்டிக்கு 960 லிட்டர். 2019 கோடையில் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டதைப் பார்த்தவர்கள் நாம். லாரித் தண்ணீரின் அருமை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். அடுத்து, குழாய்க் கடைசியில் உள்ள மூடியைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓட விடுங்கள். மூடியபின், ஒவ்வொரு டிரிப்பருக்கும் கீழே ஒரு டம்ளர் வைத்து ஆறு நிமிடம் பிடியுங்கள். 2 லிட்டர் டிரிப்பர் என்றால் 200 மில்லி, 4 லிட்டர் என்றால் 400 மில்லி வர வேண்டும்.

ஒன்றில் மட்டும் குறைந்தால் அதில் அடைப்பு. எல்லாவற்றிலும் குறைந்தால் அழுத்தம் போதவில்லை. ஓரிடத்துக்கு அப்பால் மட்டும் குறைந்தால் அங்கே கசிவு, அல்லது குழாய் மடங்கியிருக்கிறது.

போர்வெல் உப்புத் தண்ணீரில் அடைப்பு பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவம்தான். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து, டிரிப்பரை இரவு முழுக்க ஊற வைத்துக் கழுவுங்கள். அதனுடன் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும். வயலில் விடும் ஆசிட்டும் பால்கனிக்கு வேண்டாம்.

கசியும் இடத்தில் டேப் சுற்றினால் நிற்காது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஜாயின்டர் போடுங்கள். தேவையில்லாத துளைக்குச் சிறிய பிளக் போதும்.

டிரம்மிலிருந்து தண்ணீர் விடுபவர்கள் கவனியுங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். அழுத்தத்தைத் தானே சீராக்கும் வகை டிரிப்பர் அதில் சரியாக வேலை செய்யாது. சாதாரண டிரிப்பரே வாங்குங்கள். குழாய் கறுப்பாகவே இருக்கட்டும். வெயில் ஊடுருவும் குழாயில் பாசி பிடிக்கும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் டைமரை நிறுத்திவிடுங்கள். தொட்டித் தட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஊருக்குப் போகும் நாளில் டைமரைப் போட்டுவிட்டு உடனே கிளம்பாதீர்கள். இரண்டு நாள் முன்பே ஓட விட்டுப் பாருங்கள். வால்வு எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டாருக்கும் காட்டிவிட்டுப் போங்கள்.