தி ஹேக் தீர்ப்பும் நம்ம கடற்கரையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



‘சர்வதேச நீதிமன்றங்களும் நாட்டின் இறையாண்மையும்’ என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். ஏதோ தி ஹேக் நகரத்துச் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம்ம மாவட்டத்துக் கடற்கரை வீட்டுக்கே அது வந்திருக்கிறது.

2012 பிப்ரவரி 15. கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைலில் ‘செயின்ட் ஆன்டனி’ என்ற மீன்பிடிப் படகு. ‘என்ரிக்கா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் காவலுக்கு நின்ற கடற்படை வீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். மற்றவர் நம்ம குமரி மாவட்டத்து இளைஞர். கடற்கொள்ளையர் என்று நினைத்ததாக இத்தாலி சொன்னது.

கேரளப் போலீஸ் இருவரைக் கைது செய்தது. விசாரிக்கும் அதிகாரம் கேரளத்துக்கு இல்லை, மத்திய அரசுக்கே என்று 2013இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2015இல் இத்தாலி, ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி நடுவர் மன்றத்துக்குப் போயிற்று. 2020இல் தீர்ப்பு: அவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், இந்தியா விசாரிக்க முடியாது என்று ஐவரில் மூவர் சொன்னார்கள். ஆனால் படகின் பயண உரிமையை இத்தாலி மீறியது, நஷ்டஈடு தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 10 கோடி ரூபாய் வந்தது. 2021இல் இங்கே வழக்கு முடிந்தது. 2022இல் ரோமிலும் விசாரணைக்கு வராமலே மூடிவிட்டார்கள்.

‘அப்போ நம்ம இறையாண்மை என்னாச்சு?’ என்று கேக்கலாம். அந்த உடன்படிக்கையை 1995இல் ஏற்றுக்கொண்டது நாம்தான். 200 கடல் மைல் வரை மீன்வளத்தின் மேல் நமக்குள்ள உரிமையை உறுதி செய்வதும் அதேதான். குல்பூஷன் ஜாதவுக்காக 2017இல் நாமே தி ஹேக் போனோம். 2019இல் பெருமளவு நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. எல்லைக்கல் என்றால் இரண்டு வயலுக்கும் பொதுதானே!

என் வருத்தம் வேறு. அந்த மன்றத்தில் வாதாடியவை இரண்டு அரசுகள். சுடப்பட்ட படகுக்காரருக்கு அங்கே தனி நாற்காலி கிடையாது. உயிர்தப்பிய 9 பேர் தங்கள் பங்குக்காக உச்சநீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 2022இல்தான் தலைக்கு 5 லட்சம் என்று உத்தரவானது. நாட்டுக்காக அரசு பேசட்டும். ஆனால் அடிபட்டவனைக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும். இறையாண்மைக்கு அதுதான் அழகு.

மாணவச் செல்வங்களே, தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடல் போகிறவர்கள். அவர்களுக்காகக் கடல் சட்டம் படித்த வக்கீல்கள் இந்தக் கல்லூரியிலிருந்து வர வேண்டும்.