மலைச்சரிவும் நங்கூரச் சுவரும்



மேட்டு நிலத்தில் பால்மரக் கன்று நடுமுன் மண்ணைப் படிப்படியாக வெட்டுவதையும், கொடிப்பயிர் பரப்பி நிலத்தை மூடுவதையும் நீங்கள் நன்கறிவீர்கள். மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதிருக்கவே இவ்வேற்பாடு. மலையோரச் சாலைகளைக் காக்கும் பொறியியலாளரும் அதே நீருடன்தான் போராடுகின்றனர்.

2017 அக்டோபர் 21ஆம் நாள், பினாங்குத் தீவின் தஞ்சோங் பூங்காவில், கட்டுமானம் நடந்த இடத்தில் மண் சரிந்து 11 பேர் மாண்டனர். மறு ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள், புக்கிட் கூக்குசில் சாலை அமைக்கப்பட்டு வந்த சரிவு பெயர்ந்து 9 தொழிலாளரைப் பலிகொண்டது. பிழைப்புக்காக உழைக்க வந்தோர், உழைத்த இடத்திலேயே புதையுண்டனர்.

மலை ஏன் சரிகிறது? தீவின் குன்றுகள் கருங்கல்லால் ஆனவை. நெடுங்காலம் வெயிலும் மழையும் பட்டு அக்கல்லின் மேற்பகுதி மண்ணாகிவிட்டது. நீர் ஊறியதும் அம்மண்ணின் எடை கூடுகிறது, பிடிப்புத் தளர்கிறது. சாலைக்காக அடிவாரத்தையும் வெட்டியிருந்தால், மேலுள்ள மண்ணைத் தாங்கும் கால் இல்லாமற் போகிறது.

இத்தகைய இடங்களில் எழுப்பப்படுவதே நங்கூரச் சுவர். சுவரின் வழியே மலைக்குள் ஆழத் துளையிட்டு, நழுவக்கூடிய மண்ணையும் கடந்து, உறுதியான பாறை வரை செல்வர். துளையில் எஃகுக் கம்பிகளைச் செலுத்தி, அவற்றின் உள்முனையைச் சிமெந்துக் கரைசலால் பாறையோடு பிணைப்பர். அது இறுகிய பின், வெளிமுனையை இயந்திரத்தால் இழுத்து, சுவரின்மீது இரும்புத் தகடு வைத்துப் பூட்டுவர். கப்பலை நங்கூரம் நிறுத்துவதுபோல், பாறை சுவரைப் பற்றிக்கொள்கிறது. சுவர் மண்ணைத் தாங்குகிறது.

ஆயினும் சுவர் மட்டும் போதாது. உள்ளே தேங்கும் நீர் வெளியேறாவிடில், அதன் அழுத்தம் சுவரையே தள்ளிவிடும். ஆகவேதான் சுவரில் சிறு குழாய்களும், மேலே கால்வாய்களும் அமைக்கின்றனர். குப்பையும் சருகும் அவற்றை அடைத்தால், பெருஞ்செலவில் எழுப்பிய சுவரும் பயனற்றுப் போகலாம்.

நண்பர்களே! குடியிருப்பின் பின்புறச் சரிவில் புதிய வெடிப்புத் தோன்றினாலும், மரங்கள் திடீரெனச் சாய்ந்தாலும், கலங்கிய நீர் கசிந்தாலும் அலட்சியம் செய்யாதீர்கள். உடனே பிள்ளைகளுடன் அகன்று, நிர்வாகத்திற்குத் தெரிவியுங்கள். ஆபத்து நேரின் 999 எண்ணை அழையுங்கள். பொருளை எடுக்கத் திரும்பிச் செல்லாதீர்கள். பொருளை மீண்டும் தேடிக்கொள்ளலாம். போன உயிர் மீளாது.