நிறம் வந்த கதை

அழலே மலையாக நின்றது என்று தொழும் திருவண்ணாமலையில் நிறத்தைப் பற்றிப் பேச நீண்ட முன்னுரை வேண்டுவதில்லை. கார்த்திகைத் தீபத்தின் செஞ்சுடரைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் காண்பவர்க்கு வெண்புள்ளி ஒன்றே தெரியும். ஒளியைப் பிடித்த கருவி நிறத்தைத் தவறவிட்டது. அதை மீட்கும் முயற்சி தமிழ்த்திரைக்கு முழுமையாக வந்துசேர ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

1861இல் மாக்ஸ்வெல் என்ற அறிஞர் ஒரு நாடாவைச் செம்மை, பசுமை, நீலம் ஆகிய மூன்று வடிப்பான்களின் வழியே தனித்தனியே படமெடுக்கச் செய்து, மூன்றையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்திக் காட்டினார். 1907இல் லூமியேர் உடன்பிறந்தார் விற்பனைக்குக் கொணர்ந்த கண்ணாடித் தகட்டில், சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவின் நுண்துகள்களே வடிப்பான்கள். வண்ணம் கிழங்கு மாவில் பிறந்தது என்பதைக் கவிஞர்கள் இன்னும் பாடாதது வியப்பே.

1911ஆம் ஆண்டின் தில்லி தர்பாரை ‘கினிமாகலர்’ முறையில் படம்பிடித்து மறு ஆண்டில் இலண்டனில் காட்டினர். அதில் செம்மை, பசுமை என இரண்டே நிறங்கள். நீலவானுக்கு அங்கே இடமில்லை. 1937இல் அர்தேஷிர் இரானி தயாரித்த ‘கிசான் கன்யா’வும் இருநிறப் படமே. தூய பச்சையும் ஊதாவும் அம்முறையில் மங்கிப்போயின.

இங்கே மொழியை எண்ணிப் பார்க்கலாம். திருமால் கரியவன், அவனே நீலவண்ணன், பச்சைமேனியனும் அவனே. இதை நிறச்சொல் வறுமை என்பாருளர். அது பொருந்தாது. ஒளியிலும் நிழலிலும் ஒரே பொருள் கொள்ளும் வேறுபாடுகளைச் சொல் தாங்கிற்று. கருவியின் வறுமையோ மெய்யான வறுமை.

தமிழில் முதல் முழுநீள வண்ணப்படம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம் இயக்கிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. 1956 பொங்கலன்று வெளிவந்தது, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். பெல்ஜிய நாட்டுக் ‘கேவாகலர்’ சுருளில் எடுக்கப்பட்டது. அச்சுருள் மூன்று அடுக்குகளில் மூன்று நிறங்களையும் வாங்கியது. ஆனால் கறுப்பு வெள்ளைச் சுருளைவிட மிகுந்த ஒளியை வேண்டியது. பட்டாடையும் குகைப் பொன்னும் நிறைந்த அரபுக்கதை தேர்ந்தெடுக்கப்பட்டது தற்செயலன்று. நிறத்திற்கென்றே கதை வந்தது எனலாம்.

வண்ணச்சுருளின் விலை எளிதாயில்லை. ஆகவே 1955இல் ‘கணவனே கண் கண்ட தெய்வம்’ சில பகுதிகளில் மட்டும் வண்ணம் பெற்றது. 1958இல் ‘நாடோடி மன்ன’னும் பிற்பகுதியில்தான் வண்ணமாகிறது. பாதிக்கதையில் உலகமே நிறம் மாறுவதை அன்றைய மக்கள் குறையாகக் கொள்ளவில்லை. 1959இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ கேவாகலரில் எடுக்கப்பட்டு, அதன் படிகள் இலண்டனில் டெக்னிகலர் முறையில் அச்சாயின.

இந்த வேறுபாடு சிறிதன்று. டெக்னிகலர் படியில் சாயம் நெடுநாள் நிலைக்கும். அடுக்குச் சுருளின் சாயமோ வெம்மையிலும் ஈரத்திலும் விரைந்து வெளிறும். பல படிகளில் நீலமும் பசுமையும் தேய்ந்து செந்நிறமே எஞ்சும். பழம்படத்தின் வெளிறிய படியைக் கண்டு, அன்றைய வண்ணமே இவ்வளவுதான் என்று எழுதுவோர் உளர். ஏடு செல்லரித்ததால் பாட்டே அரைகுறை என்பது போன்றது அது. பாட்டுக்கேனும் வேறு ஏடு கிடைக்கலாம். வெளிறாத மூலச்சுருள் இல்லாத படத்திற்கு, பார்த்தவர் நினைவு ஒன்றே மறுபடி. 1956இல் பத்து வயதில் கொட்டகையில் அமர்ந்து அலிபாபாவைக் கண்டவர்க்கு இன்று எண்பதைக் கடந்த வயது.