தோளும் புயமும்

மைசூரில் வாழும் தமிழ் மூதாட்டியார் ஒருவர் படியில் சறுக்கி விழுகிறார். ஆஸ்பத்திரியில், "தோள் வலிக்கிறது" என்கிறார். கன்னடத்தில் 'தோளு' என்றால் கை. தோளுக்கு அங்கே வழங்கும் சொல் 'புஜ'. நாமோ அந்தப் புஜத்தைப் புயமாக்கி, மேற்கைக்குப் பெயராக வைத்துக்கொண்டோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். வலியால் துடிப்பவருக்கு வேடிக்கையன்று. ஆதலால் சொல்லை மட்டும் நம்பாமல், வலிக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டுவதே நலம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட முறிவும், தோளும் புயமும் கூடும் இடத்தில் நேர்வதேயாகும்.

புய எலும்பின் மேல்முனை உருண்டையானது. அதையடுத்து இரு புடைப்புகள் உள்ளன; தோளைச் சுழற்றும் தசைநார்கள் அவற்றைப் பற்றியிருக்கின்றன. அவற்றின் கீழே தண்டு. உருண்டைத் தலை, இரு புடைப்புகள், தண்டு ஆகிய இந்நான்கையும் கொண்டே அமெரிக்க வைத்தியர் சார்லஸ் நீர் 1970-இல் இம்முறிவுகளை வகைப்படுத்தினார். ஒரு துண்டு 1 சென்டிமீட்டருக்கு மேல் விலகினாலோ, 45 பாகைக்கு மேல் திரும்பினாலோ, அது இடம் பெயர்ந்ததாகக் கொள்ளப்படும்.

பெரும்பாலான முறிவுகள் அவ்வளவு விலகுவதில்லை. கையைத் தூளியில் தொங்கவிட்டால் தாமே கூடிவிடும். விலகியவற்றுக்கே ரண சிகிச்சையைப் பற்றிய யோசனை எழுகிறது. துண்டுகளைச் சேர்த்து, உலோகத் தகடு வைத்துத் திருகாணிகளால் பூட்டுகிறார்கள். திருகாணியின் தலை தகட்டிலேயே மரையோடு பொருந்துவதால், முதுமையில் நொய்ந்த எலும்பிலும் பிடிப்பு உண்டாகிறது. ஆயினும் திருகாணி மூட்டுக்குள் துருத்துவதும், இரத்த ஓட்டம் குன்றி உருண்டைத் தலை நலிவதும் உண்டு.

அப்படியானால் ரண சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா? பிரிட்டனில் இடம் பெயர்ந்த முறிவுடைய 250 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. இரண்டாண்டு கழித்துப் பார்க்கையில், ரண சிகிச்சை பெற்றோருக்கும் தூளி மட்டும் அணிந்தோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் இதை எல்லோருக்கும் பொருத்திவிடலாகாது. மூட்டும் நழுவியிருந்தால், எலும்பு தோலைக் கிழித்திருந்தால், இரத்தக் குழாய் சேதமுற்றிருந்தால், காத்திருத்தல் ஆபத்து.

நம்மவர் சிலர் உடனே ஆந்திரத்துப் புத்தூர்க் கட்டை நினைப்பர். எந்தக் கட்டானாலும், எக்ஸ்-ரே பாராமல் இறுக்கிக் கட்டுவது தவறு. விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. மைசூர் மருத்துவக் கல்லூரி 1924-இல் பெங்களூரில் தொடங்கி, 1930-இல் மைசூருக்கு வந்தது. அதனைச் சார்ந்த கிருஷ்ணராஜேந்திர ஆஸ்பத்திரி நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. இரு மொழியும் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், "எத்தனை துண்டு? எவ்வளவு விலகல்? தூளி போதாதா?" என்று கேளுங்கள்.

தகடோ தூளியோ, எதுவானாலும் பயிற்சி இன்றேல் தோள் இறுகிவிடும். விரலையும் மணிக்கட்டையும் முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். பின்னர், வைத்தியர் சொல்லும் நாளில், முன்னே குனிந்து கையைக் கடிகார ஊசல்போல் ஆட்டலாம். வலிக்கு அஞ்சிக் கையை முடக்கி வைப்பதும், ஆர்வத்தால் நாள் வருமுன் தூக்குவதும் ஒருங்கே தீங்காம். அந்த மூதாட்டியார் மீண்டும் தம் கையாலேயே கொண்டை முடிந்துகொள்ளும் நாளே சிகிச்சை நிறைவேறிய நாள். எக்ஸ்-ரே படத்தின் அழகைக் காட்டிலும் நமக்கு வேண்டுவது அதுவே.